புறநகரும் புறச்சேரியும்



இந்தத் தலையங்கத்தை எழுத உட்கார்ந்தபோது ஒரு கல்லூரித் தம்பி வந்தான். என்ன எழுதுகிறேன் என்று கேட்டான். சொன்னேன். முகம் சுருங்கிப்போனது. "அண்ணே, வேங்கைவயல் இருக்குது, தென்முடியனூர் இருக்குது. மெட்ரோ ரயிலுக்கும் நமக்கும் இன்னா சம்பந்தம்? அடி அண்ணாமலைக்கு மெட்ரோ வரப்போவுதா?"

வரப்போவதில்லை. மெட்ரோவை விடுங்கள். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ஒரு சாதாரண ரயில் பாதைக்கு 2006-07லேயே அனுமதி கொடுத்தார்கள். அந்தப் பாதையில் இன்றுவரை ஒரு வண்டி ஓடியதில்லை. 2024 மே மாதம் சென்னை கடற்கரை – வேலூர் வண்டியை எங்கள் ஊர்வரை நீட்டினார்கள். ஐம்பது ரூபாய் டிக்கெட்டில் சென்னைக்குப் போக ஒரு வழி கிடைத்தது. அதற்கே நாங்கள் இத்தனை வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து மலையைச் சுற்றுகிறார்கள். அவர்களுக்குச் சிறப்புப் பேருந்து உண்டு, சிறப்பு ரயில் உண்டு. சுற்றுகிற கூட்டத்துக்கு எட்டு லிங்கமும் தெரியும். பாதையிலிருந்து கொஞ்சம் தள்ளி உள்ளே இருக்கிற சேரி தெரியாது.

ஆனால் தம்பி கேட்ட கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் சேரியிலிருந்தே தொடங்குகிறேன்.

அடி அண்ணாமலையிலிருந்து சென்னைக்குப் பிழைக்கப் போனவர்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. சித்தாள் வேலை, சென்ட்ரிங் வேலை, வீட்டு வேலை, வாட்ச்மேன் வேலை. எல்லாரையும் சுமந்துபோனது செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போகிற ராத்திரி பஸ். விடியக்காலையில் கோயம்பேட்டில் இறங்கினால் வாசலிலேயே மெட்ரோ. 2015 ஜூன் 29ஆம் தேதி சென்னையில் முதல் மெட்ரோ ஓடியதே கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவில்தான். ஏறுகிறோமோ இல்லையோ, கண்ணெதிரே நின்றது. 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையத்தைத் திறந்தார்கள். அதன் பிறகு அந்த பஸ்ஸெல்லாம் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகிறது. மெட்ரோ இருந்த இடத்திலிருந்து பஸ்ஸை எடுத்து, மெட்ரோ இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, இப்போது விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு 15.46 கிலோமீட்டர் மெட்ரோவை நீட்ட ரூ.9,335 கோடி ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கோணிப்பையில் அரிசியும் மண்வெட்டிப் பிடியுமாக விடிகாலை நாலு மணிக்கு அங்கே இறங்குகிறவனைக் கேட்டு எடுத்த முடிவு இல்லை இது.

சின்னம்மா ஒருத்தி எனக்கு உண்டு. கல்யாணமாகிச் சென்னைக்குப் போனவள். சென்ட்ரல் பக்கம் கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகரில் முப்பது வருஷத்துக்கும் மேலே இருந்தாள். நாலு வீட்டில் பாத்திரம் கழுவினாள். பிள்ளைகளைப் படிக்கவைத்தாள். 2019 டிசம்பரில், பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை நேரத்தில், வீட்டை இடித்து, லாரியில் பீரோவையும் கோழிக்கூண்டையும் ஏற்றி, பெரும்பாக்கம் அடுக்குமாடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். நதியைச் சுத்தம் பண்ணுகிறார்களாம். சத்தியவாணி முத்து யார் என்று இளைய தோழர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். தி.மு.க. அமைச்சரவையில் இருந்த தலித் பெண். தாழ்த்தப்பட்டவர்களுக்கு அந்தக் கட்சியில் நியாயமில்லை என்று 1974இல் வெளியே வந்து தனிக்கட்சி கண்டவர். அவர் பெயர் வைத்த குடியிருப்பையே தரைமட்டமாக்க முடிந்தது. யாருக்கும் கூசவில்லை.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். கரண்டு போய் லிப்ட் நின்றிருந்தது. ஆறு மாடி ஏறிப் போய் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"ஊர்ல இருந்தப்ப சேரி ஊருக்கு வெளிய இருந்துச்சி. மெட்ராசுக்கு வந்தா சேரி ஊருக்கு நடுவுல இருந்துச்சி. இப்ப திரும்பவும் வெளிய கொண்டாந்து வுட்டுட்டாங்க. அவ்ளோதான்டா கணக்கு."

இத்தனை வருஷமாக நகரம், நவீனம், விளிம்புநிலை என்று நாம் பக்கம் பக்கமாக எழுதிய கட்டுரைகளை இந்த மூன்று வாக்கியத்துக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. புறநகர் என்பது புதுச் சொல். பொருள் பழையது. புறச்சேரி.

இந்தக் கணக்கு இன்று நேற்றுப் போட்டதில்லை. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதி திராவிடர்களின் குடிசைகள் எரிந்தன. வேலைக்குப் போனவர்கள் ஆதி திராவிடர்கள், நிறுத்தியவர்கள் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் என்று பிரிவினை ஆனது. பசியில் இருப்பவனிடம் வேலைநிறுத்த ஒழுக்கம் பேசுவது எளிது. அந்தச் சமயத்தில்தான் ஆதி திராவிடர்களை நகரத்தைவிட்டே அப்புறப்படுத்திவிடலாம் என்ற யோசனை எழுந்தது. பிரிட்டிஷ்காரன் சொன்னதல்ல. பார்ப்பனரல்லாதார் நலம் பேசிய நீதிக்கட்சித் தலைமையின் பக்கத்திலிருந்து வந்தது. எம்.சி.ராஜா பிறகு அந்தக் கட்சியைவிட்டு வெளியேறியதற்கு இந்தக் காயமும் காரணம். அன்றைக்கு அந்த யோசனை நடக்கவில்லை. 2000த்தில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு முழுவேகத்தில் பெரும்பாக்கம் என்று, நூற்றாண்டு முடிவதற்குள் நடத்திக் காட்டினார்கள். மூன்று இடமும் சேர்ந்தால் ஐம்பதாயிரம் வீடுகள் வரும். 1970இல் தொடங்கும்போது குடிசை மாற்று வாரியம் என்று பெயர். குடிசை நின்ற இடத்திலேயே கட்டிடம் எழும்பும் என்று அன்றைக்கு ஒரு பேச்சாவது இருந்தது. 2021இல் அதை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆக்கிவிட்டார்கள். பெயர் நீண்டுவிட்டது, தூரமும் நீண்டுவிட்டது.

2021 பிப்ரவரி 14இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை மெட்ரோவை நீட்டித் திறந்தார்கள். வடசென்னைக்கு இப்போதாவது வந்ததே என்று நானும் சந்தோஷப்பட்டேன். அந்தப் பாதையில் ஒரு நிலையத்துக்குப் பெயர் சர் தியாகராயா கல்லூரி. நீதிக்கட்சித் தலைவரின் பெயர். சென்ட்ரல் நிலையம் எம்.ஜி.ஆர். பெயரில், ஆலந்தூர் அண்ணா பெயரில், கோயம்பேடு பேருந்து நிலைய மெட்ரோ ஜெயலலிதா பெயரில். எம்.சி.ராஜாவுக்கோ இரட்டைமலை சீனிவாசனுக்கோ அயோத்திதாசருக்கோ அப்படி ஒரு சுரங்கப் படிக்கட்டின் பெயர்கூட வாய்க்கவில்லை. பெயர்ப்பலகை அரசியலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் கண்ணில் படுகிறது, சொல்லிவிட்டேன்.

இப்போது நடக்கிற இரண்டாம் கட்டத்துக்கு வருவோம். மூன்று பாதை, 118.9 கிலோமீட்டர், ரூ.63,246 கோடி. 2024 அக்டோபர் 3ஆம் தேதி ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்வரை ஒன்று. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிவரை ஒன்று. மாதவரத்திலிருந்து வளைத்துக்கொண்டு சோழிங்கநல்லூர்வரை இன்னொன்று. ஊருக்குள்ளே பெரும்பகுதி சுரங்கம். புறநகருக்குப் போனதும் தூண்மேல் ஏறிவிடும். சுரங்கம் தோண்ட ஆகும் செலவு தூண் நிறுத்துவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. ஆகவே நெருக்கமான இடத்தில் சுரங்கம், அகலமான ரோட்டில் தூண் என்கிறார்கள் பொறியாளர்கள். அது நியாயம்தான். எதற்கெடுத்தாலும் சாதி என்று சொல்கிறவர்கள் நாங்கள் என்று ஒரு பேர் இருக்கிறது. இந்த இடத்தில் சொல்லவில்லை.

சொல்லவேண்டிய இடம் வேறு. முதல் பாதையின் சுரங்கம் ஓட்டேரி, பட்டாளம் வழியாக, அதாவது 1921இல் எரிந்த புளியந்தோப்பின் ஓரமாக, பூமிக்கு அடியில் போகிறது. மேலே ஏறி, பழைய மகாபலிபுரம் ரோட்டில் துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி என்று போய் சிறுசேரியில் முடிகிறது. எங்கேயிருந்து துரத்தினார்களோ அங்கே தொடங்கி, எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்களோ அங்கே போய்ச் சேர்கிறது. கண்ணகி நகரில் ஆட்களை இறக்கியபோது ரயில் வரவில்லை. பஸ்ஸே ஒழுங்காக இல்லை. வேலை போனது, பள்ளிக்கூடம் போனது. அதே ரோட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசைகட்டி நின்ற பிறகு ரயில் வருகிறது. யாருக்கு வருகிறது என்று கேட்பதில் பொறாமை ஒன்றுமில்லை.

சின்னம்மாவிடம் கேட்டேன், உங்க பக்கம் பெரும்பாக்கம்னு ஸ்டேஷனே வருதாமே என்று. "வரட்டும். எனக்கு வாணாம்னா சொன்னன்? ஏறி எறங்க எவ்ளோ கேப்பான்? வெள்ளை போர்டு பஸ்ல எனக்குக் காசில்ல." 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். இந்த நாட்டில் வீட்டுவேலை செய்கிற பெண்ணின் சம்பளத்தை மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவுக்கு உயர்த்திய ஒரே காரியம் அதுதான் என்பேன். மெட்ரோவில் அது கிடையாது. குறைந்தது பத்து ரூபாய், அதிகம் ஐம்பது. போக ஐம்பது, வர ஐம்பது என்றால் அவளுடைய ஒரு நாள் கூலியில் பாதிக்குப் பக்கம். இரண்டு மணிநேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போவாள், ரயிலில் ஏறமாட்டாள். அவளுடைய நேரத்துக்கு விலை இல்லை என்று அவளே முடிவுகட்டி வைத்திருக்கிறாள். அப்படி முடிவுகட்ட வைத்தவர்கள் யார்?

இயக்கத்தில் சில தோழர்கள் மெட்ரோவே வேண்டாம், அது உலகமயத்தின் குழந்தை, ஜப்பான் கடன், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கிராமத்தைக் கட்டிக்கொண்டு அழ அம்பேத்கர் நமக்குச் சொல்லித்தரவில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே கிராமத்தின் முகத்திரையைக் கிழித்தவர் அவர். பெயர் கேட்டால் தெரு கேட்கிற, தெரு கேட்டால் சாதி கேட்கிற ஊரிலிருந்து, யாரென்று கேட்காமல் டிக்கெட் மட்டும் கேட்கிற ரயிலுக்குப் போவது நமக்கு விடுதலையின் ஒரு துண்டு. ரயில் பெட்டியில் சாதி செத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இடித்துக்கொண்டு உட்காரத்தான் வேண்டும், வேறு வழி கிடையாது.

அதே ரயிலின் உள்ளே என்ன நடந்தது என்பதையும் அம்பேத்கர்தான் சொன்னார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாடு. பார்ப்பனியமும் முதலாளியமும் தொழிலாளியின் இரண்டு எதிரிகள் என்று அவர் சொன்னது அங்கேதான். அதை நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். அதே உரையில் அவர் எடுத்துக்காட்டிய சின்ன விஷயத்தை மறந்துவிடுகிறோம். ரயில்வேயில் தீண்டப்படாதவனுக்குக் காலமெல்லாம் கேங்மேன் வேலைதான். போர்ட்டர் வேலைகூடக் கிடையாது. ஏனென்றால் போர்ட்டர் என்பவன் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலும் எடுபிடி வேலை செய்யவேண்டும், அந்த வீட்டுக்குள் இவன் எப்படி நுழைவது? தண்டவாளத்துக்கு ஜல்லி அடிக்கலாம், பெட்டி தூக்கக் கூடாது. இன்றைக்கு மெட்ரோவில் யார் எந்த வேலையில், எவர் நிரந்தரம், எவர் கான்ட்ராக்ட் என்று ஒரு பட்டியல் எடுங்கள். 2007இல் தொடங்கி, ஒன்றிய அரசும் மாநில அரசும் சரிபாதியாகப் பங்கு வைத்திருக்கிற கம்பெனி அது. நிரந்தர வேலையில்தான் இடஒதுக்கீடு. துடைக்கிற வேலை, காவல் வேலை எல்லாம் வெளி ஏஜென்சிக்குப் போய்விட்டால் ஒதுக்கீடு எங்கே நிற்கும்? 2019இல் சங்கம் வைத்ததற்காக எட்டுப்பேரை வேலையைவிட்டு எடுத்து, ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததை நாமெல்லாம் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினோம்.

பூமிக்குக் கீழே என்றால் நம் ஆட்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். பாதாள சாக்கடை. மெட்ரோவுக்குத் துளைபோடும் இயந்திரங்களுக்கு நீலகிரி, ஆனைமலை, சேர்வராயன், கல்வராயன் என்று மலைகளின் பெயர். ஆறுகளின் பெயரும் உண்டு. காவேரி என்ற இயந்திரம் அடையாற்றுக்கு அடியில் துளைத்துப் போய் 2024 செப்டம்பரில் அந்தப் பக்கம் வந்தது. முன்னால் தலை சுழன்று அறுக்க, பின்னாலேயே கான்கிரீட் வளையம் பூட்டிக்கொண்டு போகிறது. ஒரு ஆற்றுக்குக் கீழே மண்ணை அறுத்துப் போக இயந்திரம் செய்யத் தெரிந்த நாட்டில், அதே தெருவின் சாக்கடைக் குழிக்கு இயந்திரம் செய்யத் தெரியவில்லையாம். 1993இல் சட்டம், 2013இல் இன்னொரு சட்டம், 2014இல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் என்றது, 2023இல் முப்பது லட்சம் என்றது, 2025 ஜனவரியில் சென்னை உள்பட ஆறு பெருநகரங்களில் மனிதனை இறக்கவே கூடாது என்றது. 1993இலிருந்து சாக்கடையில் செத்தவர்கள் என்று பாராளுமன்றத்தில் வைத்த கணக்கில் தமிழ்நாடுதான் முதலிடம். சுரங்க வேலைக்குள் இறங்குகிறவர்களும் ஜார்கண்ட், பீகார், ஒடிசாவிலிருந்து வந்த கூலிகள். அவர்கள் என்ன சாதி என்று நம்மில் எத்தனைபேர் கேட்டிருக்கிறோம்? இந்திக்காரன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அது நம் பக்கத்துத் தப்பு.

இனி நிலம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இதில் என் பிழைப்பும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. வீட்டுமனைக் கடன் விண்ணப்பங்கள் என் மேசை வழியாகத்தான் போகும். சென்னைப் புறநகரில் மனை வாங்க இந்த ஊர் வாத்தியார்கள், வியாபாரிகள் எல்லாம் வருகிறார்கள். கூடவே வழவழ காகிதத்தில் ஒரு நோட்டீஸ். ‘மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்.’ ஸ்டேஷன் வந்திருக்காது, தூண்கூட நின்றிருக்காது, திட்ட அறிக்கைதான் வந்திருக்கும். மனை விலை அதற்குள் ஏறியிருக்கும். மெட்ரோ பாதையை ஒட்டிக் கூடுதல் மாடி கட்டிக்கொள்ள அரசாங்கமே அனுமதி கொடுக்கிறது. நான் பார்க்கவேண்டிய காகிதங்களில் முக்கியமானது வில்லங்கச் சான்று. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் இல்லை என்றால் வக்கீல் கருத்துரை சுத்தமாக வந்துவிடும். நான் முத்திரை குத்தி மேலே அனுப்புவேன்.

முப்பது வருஷத்துக்கு முன்னால்? அதைக் கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

1891இல் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலமில்லாததுதான் இவர்களுடைய அடிமைத்தனத்துக்கு வேர் என்றார். அதன் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படைக்க ஆணை வந்தது. சென்னை மாகாணத்தில் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நாம் இயக்கத்தில் சொல்லிவருகிறோமே, அந்தப் பஞ்சமி நிலத்துக்கு ஆரம்பம் இதுதான். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறி வாங்கினால் செல்லாது. கவனியுங்கள், எந்த ஜில்லாவைப் பார்த்து எழுதினாரோ அந்த ஜில்லாதான் இன்றைக்குச் சென்னையின் தெற்குப் புறநகர். செம்மஞ்சேரி, சிறுசேரி, கிளாம்பாக்கம் எல்லாம் பழைய செங்கல்பட்டு ஜில்லா. பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் விமான நிலையத்துக்கு நீட்டப்போகிறோம் என்கிறார்களே 52.94 கிலோமீட்டர், அதுவும் முழுக்க அந்தப் பழைய ஜில்லாவுக்குள்தான். அந்த விமான நிலையமே வேண்டாம் என்று ஏகனாபுரத்து ஜனங்கள் 2022இலிருந்து கிராமசபைத் தீர்மானம்மேல் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமலேயே அவர்கள் ஊருக்கு ரயில் கோடு போட்டாகிவிட்டது.

ஒப்படைத்த பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறியது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. கல்யாணத்துக்கு முந்நூறு ரூபாய், சாவுக்கு இருநூறு ரூபாய், வெள்ளைத்தாளில் கைநாட்டு. 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்பார்கள், பல ஊரில் அனுபவத்தில் இருந்தவன் பெயருக்கே பட்டா ஏறியது. அதற்குப் பிறகு நடந்த கிரயங்கள்தான் என் மேசைக்கு வருகிற முப்பது வருஷ வில்லங்கச் சான்றில் தெரியும். அதற்கு முன்னால் இருந்த ஆளும் இல்லை, ஆணையும் இல்லை. வில்லங்கம் இல்லை என்பதற்கு அர்த்தம், வில்லங்கம் பண்ணியவன் முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே பண்ணி முடித்துவிட்டான் என்பதே. எத்தனை ஏக்கர் பஞ்சமி நிலத்துக்கு நான் முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேனோ எனக்கே தெரியாது. ஒரு கையால் கவிதை, மறு கையால் இந்த வேலை.

இதைக் கேட்டுத்தான் 1994இல் காரணையில் எழுந்தார்கள். செங்கல்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க நடந்த போராட்டத்தில், அந்த வருஷம் அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நம்மைப்போன்ற சிறுபத்திரிகைகள் பலவும் அந்தச் சூட்டில்தான் பிறந்தன, அல்லது அந்தச் சூட்டில்தான் பேச்சு வந்தது. அன்றைக்கு அந்தப் பக்கம் நிலத்துக்குச் சந்தை விலை குறைவு. அப்போதே துப்பாக்கி எடுத்தார்கள். ரயில் வந்த பிறகு, சதுர அடியில் விலை சொல்கிற காலத்தில், எதை எடுப்பார்கள்?

கடனைப் பற்றி இன்னொன்றும் இருக்கிறது. மறுகுடியேற்ற அடுக்குமாடி முகவரியில் யாராவது கடன் கேட்டு வந்தால், பின்கோடைப் பார்த்ததும் விண்ணப்பம் மேசையின் அடுத்த ஓரத்துக்கு நகர்ந்துவிடும் என்று பல கிளைகளில் வேலை பார்த்த தோழர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெயர்களைச் சொன்னால் வேலையும் கிடைப்பதில்லை என்று பையன்கள் பழைய முகவரியையே எழுதுகிறார்கள். அதே ரோட்டில் எதிர்ப்பக்கத்து அடுக்குமாடிக்கு அரை மணியில் கடன்.

மற்ற நாட்டில் என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் படித்தேன். உலகத்தின் முதல் சுரங்க ரயில் 1863 ஜனவரியில் லண்டனில் ஓடியது. அதற்காகத் தெருவைப் பிளந்தபோது பள்ளத்தில் விழுந்ததெல்லாம் ஏழைகளின் வீடுகள்தான். பணக்காரன் தெரு பக்கம் போனால் நஷ்டஈடு கொடுத்து மாளாது, ஆகவே சேரி வழியாகப் போனார்கள். 1862 ஜூன் மாதம் ஃப்ளீட் சாக்கடை உடைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்துக்குள் பாய்ந்தது என்பதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர் போலவே இருந்தது. ஆனால் அதற்கப்புறம் ஒன்று நடந்தது. வீடிழந்தவன் எங்கேயோ தூரத்தில் போய்க் குடியேறினால் வேலைக்கு எப்படி வருவான் என்று கேள்வி எழுந்தது. 1864இலேயே தொழிலாளர் ரயில் என்று விடிகாலையில் தனி வண்டி, போகவர மூன்று பென்னி. 1883இல் பார்லிமெண்ட் மலிவு ரயில் சட்டம் போட்டு, தொழிலாளர்களுக்குப் போதுமான வண்டிகளைக் குறைந்த கட்டணத்தில் விடவேண்டிய கடமையை ரயில் கம்பெனிகளின் தலையில் கட்டியது. வெள்ளைக்காரனுக்கு அவ்வளவு ஈரமா என்றால் இல்லை, தொழிலாளி வராவிட்டால் ஆலை ஓடாது. நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு முதலாளிய அரசு தன் சுயநலத்துக்குச் செய்ததைக்கூட, சமூகநீதி பேசுகிற அரசுகள் இங்கே செய்ய யோசிக்கின்றன.

நாம் கேட்கவேண்டியது அங்கேதான் இருக்கிறது. வெள்ளை போர்டு பஸ்ஸில் உள்ள இலவசம் மெட்ரோவிலும் பெண்களுக்கு வேண்டும். அது முடியாது என்றால், கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பங்களுக்காவது வேண்டும். துரத்தியதற்கு அது வட்டிகூட ஆகாது. அடுக்குமாடி வாசலுக்கும் நிலையத்துக்கும் நடுவில் இணைப்பு பஸ் இல்லாவிட்டால் பெயர்ப்பலகையில் பெரும்பாக்கம் என்று எழுதிப் பிரயோஜனமில்லை. பாதைக்காக இடிபடும் இடத்தில் பட்டா இல்லாதவனுக்கும் வாடகைக்கு இருப்பவனுக்கும் உரிய ஈடு தரவேண்டும். இது நம் ஆசை மட்டுமல்ல. கடன் கொடுக்கிற ஆசிய வளர்ச்சி வங்கியின் 2009ஆம் ஆண்டுக் கொள்கையிலேயே, உரிமைப் பத்திரம் இல்லாதவரும் பாதிக்கப்பட்டவர் கணக்கில் வருகிறார். கடன் வாங்கும்போது கையெழுத்துப் போட்டவர்கள் இடிக்கும்போது அதை மறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, நீட்டப்படும் ஒவ்வொரு பாதையின் இருபுறமும் பஞ்சமி நிலக் கணக்கை வெளியிட்ட பிறகுதான் கூடுதல் மாடிக்கும் மனைப்பிரிவுக்கும் அனுமதி கொடுக்கவேண்டும். மற்றதெல்லாம் கிடைத்து இது கிடைக்காவிட்டால், சின்னம்மாவின் பேரன் காலத்தில் செம்மஞ்சேரியிலிருந்தும் ஒரு லாரி கிளம்பும். அங்கேயும் நிலம் விலை ஏறிவிட்டது அல்லவா?

அரசாங்கம் அந்தக் கணக்கைத் தானாக எடுக்கும் என்று காத்திருக்க வேண்டாம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் இருக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். எந்தக் கொல்லை யார் தாத்தாவுக்குச் சர்க்கார் கொடுத்தது என்று கேளுங்கள். வாய்மொழியாக எல்லைகளை எழுதுங்கள். கிழக்கே ஏரி, மேற்கே இன்னார் கழனி என்று அவர்கள் சொல்வது அப்படியே இருக்கட்டும், திருத்தவேண்டாம். சர்வே எண் தெரிந்தால் எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைக் கேளுங்கள். பழையது இல்லை என்பார். வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அங்கேயும் கரையான் அரித்துவிட்டது என்று பதில் வரும். அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஓர் ஆவணம். அடுத்த பௌர்ணமிக்குள் பத்திரிகை முகவரிக்கு வந்து சேர்பவற்றை அடுத்த இதழில் ஊர்வாரியாகப் போடுகிறோம்.

பழைய ஆணைகளும் ஒப்படைப்புக் கோப்புகளும் தேடவேண்டுமென்றால் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. எழும்பூர் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.